இரண்டு பாட்டுக்கு ஒரு நிறுத்தம்

தொடர்ந்து ஆறு வருஷம் நான் நாலாவது இடம்.

ஸ்டாக்ஹோமிலிருந்து வரும் இசைப் பத்திரிகை ஒன்று வருஷா வருஷம் வாசகர்களிடம் ஓட்டு வாங்கி, நாட்டின் சிறந்த ஜாஸ் வாத்தியக்காரர்கள் யார் என்று பட்டியல் போடும். டிரம்ஸ் வரிசையில் முதல் மூன்று இடங்களுக்கு ஆட்கள் அவ்வப்போது மாறுவார்கள். நாலாவது இடத்தில் மட்டும் சிக்ஸ்டன் ஹெட்ப்ளூம், அதாவது நான், ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

இதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் சந்தேகம் இருந்ததில்லை. என்னைவிட வேகமாக அடிக்கிறவன் இருந்தான். என்னைவிட அழகாகச் சிரித்துப் போட்டோவுக்கு நிற்கிறவன் இருந்தான். என்னைவிட உறுதியாகத் தாளம் பிடிக்கிறவன் அன்றைய ஸ்வீடனில் கிடையாது. இது எனக்கும் தெரியும், என்னோடு வாசித்தவர்களுக்கும் தெரியும். ஓட்டுப் போட்டவர்களுக்குத்தான் தெரியவில்லை.

யேவ்லே துறைமுகத்தில் என் அப்பா கிரேன் ஓட்டினார். பதிமூன்று வயதில் மதுவிலக்குச் சங்க ஊர்வலத்தில் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். ராணுவ சேவைக்கு வடகோடியில் பூதென் கோட்டைக்கு அனுப்பினார்கள்; அங்கே உறைபனியில் கையுறையோடு அடித்துப் பழகினேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு கோடைகாலம், ஊர் ஊராக மக்கள் பூங்காக்களில் நடனத்துக்கு வாசித்தேன். ஃபாக்ஸ்டிராட், வால்ட்ஸ், டேங்கோ, கிராமத்து ஆட்டமான ஹம்போ, என்ன கேட்டாலும் அடிப்பேன். குளிர்காலத்தில் ஸ்டாக்ஹோம் கிளப்களில் ஜாஸ். ஜாஸ் மட்டுமே வாசிக்கிற சில பேர் என்னைப் பார்த்து, 'வந்துட்டாரு ஹம்போக்காரரு' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

1957 ஜூன் மாதம் ஏஜென்ட் டோர்ன்வால் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சிக்ஸ்டன், ரூஃபஸ் கிளேபோர்ன் வர்றாரு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கன்சாஸ் சிட்டி ரூஃபஸ்! அவருடைய சாக்ஸபோன் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டு கிராமபோனே களைத்துப் போயிருந்தது.

"ஆறு பூங்கா. பேஸுக்கு ஃபோல்கே, பியானோவுக்கு இங்வே, டிரம்ஸுக்கு நீ. ஏழாவது நிகழ்ச்சி ஸ்டாக்ஹோம் கச்சேரி மண்டபம். அத அப்படியே ரெக்கார்டா போடப் போறாங்க. அமெரிக்காவுலயும் விப்பாங்க."

"அதுக்கும் நாங்கதானே?"

"பேஸும் பியானோவும் இவங்களேதான். டிரம்ஸ் மட்டும்..."

"இழுக்காம சொல்லுங்க."

"ஊவே ஸ்டோலும் அன்னைக்கு ஃப்ரீயா இருக்கான்பா. மூணு வருஷமா முதல் எடம் அவன்தான். யாருன்னு ரூஃபஸே சொல்லட்டும்னு விட்டுட்டேன். ஆறு பூங்காவுல அவர் மனசுல எடம் பிடிச்சிட்டா ஸ்டாக்ஹோம் உனக்கு."

"ஊவேவை மீன் பிடிக்கப் போகச் சொல்லுங்க. நல்ல சீசன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தாறு வயதாகிவிட்டது. ரூஃபஸ் கிளேபோர்னோடு ஒரு ரெக்கார்ட் என்பது வாழ்க்கையில் இரண்டாவது முறை கதவைத் தட்டாது.

முதல் மூன்று பூங்காக்களும் வெண்ணெயில் கத்தி போன மாதிரி போயின. மூன்றிலும் திறந்தவெளி அரங்கம். ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள், கைதட்டினார்கள். ரூஃபஸுக்கு ஐம்பது வயது, யானை மாதிரி உடம்பு, புறா மாதிரிக் குரல். எங்கள் நாட்டு வழக்கப்படி வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் அப்பமும் கொடுத்தால் மூன்று தட்டு காலி செய்வார். துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் நான் பொறுக்கிய ஆங்கிலம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அவருக்கு ஒரே ஒரு குழப்பம்தான். எங்கள் ஃபோல்கே வடக்கத்திக்காரன். அந்தப் பக்கத்து ஆட்கள் 'ஆமாம்' என்று சொல்ல மாட்டார்கள். உதட்டைக் குவித்து 'ஷுப்' என்று காற்றை உள்ளே இழுப்பார்கள், அதுதான் ஆமாம். இரண்டு நாள் பார்த்துவிட்டு ரூஃபஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உன் ஃப்ரெண்டுக்கு மூச்சு எளப்பு இருக்கா? டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"அவன் உங்களுக்குச் சரின்னு பதில் சொல்றான் சார்."

"நான் அவனோட வாசிப்பு பிரமாதம்னு சொன்னேன். அதுக்கா?"

"அதுக்குத்தான் ரெண்டு தடவ இழுத்தான்."

நாலாவது பூங்கா மூஃபோர்ஸ். மர அறுவை ஆலை ஊர். அங்கே உட்கார்ந்து கேட்கிற அரங்கம் கிடையாது. எட்டு மூலை நடனமேடை ஒன்றுதான். பூங்காத் தலைவர் யால்மர் விக்பிளாட் ஆலையில் மேஸ்திரி. எட்டுக் கோடைகாலமாக எனக்குப் பழக்கம். நாங்கள் பேருந்திலிருந்து டிரம்ஸை இறக்கும்போதே வந்துவிட்டார்.

"சிக்ஸ்டன், இன்னைக்கு டான்ஸ் சாயங்காலம். அந்த அமெரிக்காக்காரர்கிட்ட சொல்லியாச்சா?"

"மேஸ்திரி கவலைப்படவே வேணாம். அவர் எத்தனையோ டான்ஸுக்கு வாசிச்சவரு."

ரூஃபஸிடமும் சொன்னேன். "டான்ஸா? என் அம்மா மடியில இருக்கும்போதே நான் டான்ஸுக்கு வாசிச்சிருக்கேன்" என்று சிரித்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

என் தப்பு இங்கேதான்.

நடனமேடைக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. எங்கும் எழுதிப் போட்டிருக்காது, எழுதிப் போட வேண்டிய அவசியமும் இல்லை. பேண்டு இரண்டு பாட்டு வாசிக்கும், பிறகு நிறுத்தும். ஒரு ஆண் ஒரு பெண்ணை ஆட அழைத்தால் அந்த இரண்டு பாட்டும் அவளோடுதான் ஆட வேண்டும். முதல் பாட்டு முடிந்ததும் இருவரும் அங்கேயே நின்று இரண்டாவதுக்குக் காத்திருப்பார்கள். இரண்டாவது முடிந்ததும் நன்றி சொல்லி, அவளைப் பெண்கள் பெஞ்சில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆண்கள் பக்கம் திரும்ப வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் ஊரே பார்க்க அந்த ஆளை அவமானப்படுத்தியதாக அர்த்தம். ஒரு பாட்டுக்கு மூன்று நிமிஷம். இரண்டு பாட்டு ஆறு நிமிஷம். ஆறு நிமிஷம் யாரோடும் யாரும் ஆடிவிடலாம். அதனால்தான் பிடிக்காதவன் கூப்பிட்டாலும் எங்கள் பெண்கள் எழுந்து வருவார்கள்.

நான் கோபன்ஹேகனுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று முப்பத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று ரூஃபஸிடம் சொல்லாத மாதிரியே இதையும் சொல்லவில்லை.

ஏழரை மணிக்கு ஆரம்பித்தோம். ஜூலை மாத வெயில் இன்னும் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் குறுக்கே நடந்து, குனிந்து அழைத்தார்கள். இருநூறு ஜோடி மேடையில் ஏறிற்று.

ரூஃபஸ் நிதானமான வேகத்தில் ஒரு பாட்டை எடுத்தார். அழகாகத் தொடங்கினார். மூன்றாவது நிமிஷம் வந்தது. நான் முடிக்கத் தயாராக இருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சுற்றுக்குள் போனார். சரி, விருந்தாளி, ஒரு சுற்று கூடப் போகட்டும் என்று விட்டேன். ஐந்தாவது நிமிஷம் தனி வாசிப்பை இங்வேக்குக் கொடுத்தார். ஏழாவது நிமிஷம் திரும்ப வாங்கிக்கொண்டார். பதினோராவது நிமிஷத்தில்தான் முடித்தார்.

மேடையில் ஒருவரும் அசையவில்லை. இருநூறு ஜோடியும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டாவது பாட்டுக்காக.

ரூஃபஸின் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியா தம்பி? நகர மாட்டேங்குறாங்க! இன்னும் வேணுமாம்! நியூயார்க்லகூட என்னை யாரும் இப்படிப் பார்த்ததில்ல."

"சார், ஒரு நிமிஷம், அவங்க என்னன்னா..."

"குடுத்துட வேண்டியதுதான்!" என்று காலால் நாலு தட்டுத் தட்டிவிட்டார். குதிரை ஓட்டம். விரட்டிக்கொண்டு போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று அவர் வாசித்தது போல அதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்று நான் அடித்தது போல அதற்கு முன் நான் அடித்ததும் இல்லை. அவர் ஒரு கேள்வி போட்டால் நான் ஸ்நேர் டிரம்மில் பதில் வைத்தேன். என் பதிலைத் தூக்கி அவர் அடுத்த கேள்வியாக்கினார். ஃபோல்கே வாயைப் பிளந்துகொண்டு பேஸின் தந்திகளை அறைந்தான். இங்வே தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் ரூஃபஸ் என் பக்கம் திரும்பி, சிம்பல் சத்தத்துக்கு மேலே கத்தினார்:

"ஸ்டாக்ஹோம், தம்பி! நீதான்! வேற யாரும் வேணாம்!"

கிடைத்துவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அவர் விரும்பும் வரை அடித்துக்கொண்டே இருந்தால் போதும்.

அப்போதுதான் நடனமேடையைப் பார்த்தேன்.

அஞ்சலகத்து ஸ்வியா, நெடுநெடுவென்று உயரம், வலுவான உடம்பு. ஈஸ்டர் சமயத்தில் நிச்சயத்தை முறித்து மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்ட தன் பழைய மாப்பிள்ளை ஸ்டூரேயின் கையில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆறு நிமிஷம்தானே என்று எழுந்து வந்திருக்கிறாள். இருவரும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு இருபதாவது நிமிஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஊர்ப் பல் டாக்டர். அவரோடு ஆடிய அம்மாளுக்கு அன்று காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார் போலிருக்கிறது, ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. டாக்டர் குற்றவாளி மாதிரி விழித்தார்.

இதெல்லாம் சிரிப்பு. ஆல்கோட் சிரிப்பில்லை.

ஆல்கோட் பால் பண்ணையில் வேலை செய்கிறவர். வசந்த காலத்தில் இடது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இந்தக் குதிரை ஓட்டத்தில் அவர் வலது காலால் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பு நிறம். கீழுதட்டைக் கடித்திருந்தார். அவரோடு ஆடிய பெண் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள். ஆனால் 'போதும், உட்காரலாம்' என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னால் மற்றவருக்கு அவமானம். மரியாதையாலேயே ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். கைப்பிடிக்கு அருகே யால்மர் மேஸ்திரி கடிகாரத்தை உயர்த்தி என்னிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

ரூஃபஸ் மறுபடி சாக்ஸபோனை வாயில் வைத்து மூச்சை இழுத்தார்.

நான் அடித்தேன். டாம் டிரம்மில் இரண்டு அடி, பாஸ் டிரம்மில் ஒன்று, சிம்பலில் ஒன்று. சிம்பலை உடனே கையால் பிடித்து அமுக்கினேன். பன்னிரண்டு கோடைகாலமாக ஒவ்வொரு ஜோடிப் பாட்டையும் நான் முடித்த விதம் அது. ஃபோல்கேயும் இங்வேயும் அனிச்சையாக நின்றுவிட்டார்கள்.

இருநூறு ஆண்கள் குனிந்து நன்றி சொன்னார்கள். அரை நிமிஷத்தில் மேடை காலி. ரூஃபஸ் இழுத்த மூச்சை விடாமல் நின்றார். எதிரில் வெறும் பலகைத் தரை.

வாத்தியக்காரனுக்கு அதைவிடக் கோரமான காட்சி கிடையாது.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் கொதிக்கும் காபியும், இலவங்கப்பட்டை போட்ட பன்னும் வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. அன்று மாலை ரயிலில் வந்திறங்கிய டோர்ன்வாலும் அங்கே இருந்தார்.

"முப்பது வருஷத்துல என்னை யாரும் நடுவுல வெட்டினதில்ல" என்றார் ரூஃபஸ். புறாக் குரல்தான், ஆனால் புறா இல்லை. "என்ன வாசிச்சுட்டு இருந்தேன்னு உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார். அதுமாதிரி நான் கேட்டதே இல்ல."

"அப்புறம்?"

நான் விதியைச் சொன்னேன். இரண்டு பாட்டு, ஒரு நிறுத்தம். ஆல்கோட்டின் முட்டியைச் சொன்னேன். இதை நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் நெற்றி சுருங்கிக்கொண்டே வந்தது.

"இரு. முதல் பாட்டு முடிஞ்சதும் நகராம நின்னாங்களே... அது இன்னும் வேணும்னு இல்லையா?"

"இல்ல சார். ரெண்டாவது பாட்டுக்காக நின்னாங்க. யார் வாசிச்சிருந்தாலும் நின்னிருப்பாங்க."

பிரம்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. டோர்ன்வால் குறுக்கே பாய்ந்தார்.

"சிக்ஸ்டன், வாய மூடுப்பா! சார், நீங்க கவலைப்படாதீங்க. நாளைக்குக் காலையில ஊவேவுக்குத் தந்தி அடிச்சுடறேன்."

"அடி" என்றார் ரூஃபஸ்.

ஸ்டாக்ஹோம் கையைவிட்டுப் போயிற்று. ஆனால் தாளம் தவறவில்லை.

"தாராளமா அடிங்க. ஆனா இன்னைக்கு ராத்திரி பத்தரை வரைக்கும் இந்த மேடையில டிரம்ஸ் நான்தான். ஊவே வர்றதுக்கு ரயில் இல்ல. ரெண்டு ரெண்டாத்தான் போகும். நீங்க முடிக்கலைன்னா நான் முடிப்பேன்."

கதவைத் தட்டிவிட்டு யால்மர் மேஸ்திரி உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி, ரூஃபஸின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"அமெரிக்க சாக்ஸபோன் மாஸ்டர் காபி குடிச்சாரா?"

நான் மொழிபெயர்த்தேன். ரூஃபஸ் திரும்பிப் பார்த்தார். "யாரைப் பத்திக் கேக்குறான்?"

"உங்களைத்தான் சார். எங்க ஊர்ல மரியாதையா பேசுனா 'நீங்க'ன்னு சொல்ல மாட்டாங்க. பட்டத்தைச் சொல்லி, இன்னொருத்தர் மாதிரி பேசுவாங்க."

மேஸ்திரி தொடர்ந்தார். "மாஸ்டர் வாசிச்சது ரொம்ப நல்லா இருந்தது. ஆனா ஆல்கோட் ஐஸ் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கான். இனி மாஸ்டர் ரெண்டு ரெண்டா வாசிப்பாரா, இல்ல நான் ஜனங்களை வீட்டுக்கு அனுப்பட்டுமா?" தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரூஃபஸ் பன்னை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"மூணு நிமிஷத்துல ஒரு மனுஷன் என்னத்தைச் சொல்ல முடியும்?"

"உங்க பழைய ரெக்கார்ட் எல்லாம் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம்தான் சார். அதுல சொல்லாததையா இப்ப சொல்றீங்க? எங்க வீட்டுல பதினாலு இருக்கு. அதக் கேட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

ஃபோல்கே ஒரு மூலையிலிருந்து காற்றை இழுத்தான்.

"அப்ப எனக்கு இருபத்திமூணு வயசு" என்றார் ரூஃபஸ். "கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தன் கையத் தூக்கிட்டு நிப்பான். கை எறங்குனா முடிச்சுடணும். அவனை நான் அடியோட வெறுத்தேன்."

"இன்னைக்கு என்னை வெறுத்துக்கோங்க."

அவர் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் சண்டை. அதற்கு வேறு பெயர் இல்லை. இரண்டே முக்கால் நிமிஷத்தில் நான் சாதாரணமாக அடித்துக்கொண்டிருக்கும்போதே, முந்திக்கொண்டு அவர் முடிப்பார். அடுத்த பாட்டில் முடிக்காமல் நழுவப் பார்ப்பார். டாம், டாம், பாஸ், சிம்பல் என்று கதவைச் சாத்துவேன். ஒருமுறை என் கடைசி அடிக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்வரத்தைத் திணித்துவிட்டு, எப்படி என்பது போல் பார்த்தார். அடுத்த பாட்டில் அந்த இடத்தையும் அடைத்தேன். வீண் சொல் ஒன்றுகூட அவரிடமிருந்து வரவில்லை, இடம் இல்லையே! ஜனங்கள் இறக்கை முளைத்த மாதிரி ஆடினார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் நடனமேடையில் பேண்டுக்குக் கைதட்ட மாட்டார்கள். ஆடினவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ரூஃபஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. முகம் இறுகியே இருந்தது. ஸ்டாக்ஹோம் போனது போனதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி தூணில் இருந்த விளக்கைப் போட்டார். 'பெண்கள் அழைப்பு' என்று எழுத்து எரிந்தது. இனி அரை மணி நேரம் பெண்கள்தான் ஆண்களை ஆட அழைக்க வேண்டும்.

அஞ்சலகத்து ஸ்வியா பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஆண்கள் பக்கம் போகவில்லை. நேராக எங்கள் மேடைக்கு வந்து, ரூஃபஸுக்கு எதிரில் முட்டியை மடக்கி வணங்கினாள்.

"என்ன வேணுமாம் இந்தப் பொண்ணுக்கு?"

"உங்களோட ஆடணுமாம்."

"நான் வாசிக்கிறவன்னு சொல்லு."

சொன்னேன். ஸ்வியா இடுப்பில் கை வைத்தாள். "சிக்ஸ்டன், இவராலதான் நான் இருபது நிமிஷம் அந்த ஸ்டூரே மூஞ்சிக்குப் பக்கத்துல கெடந்தேன். எனக்கு ரெண்டு பாட்டு ஆடிட்டுப் போகச் சொல்லுங்க."

இதையும் சொன்னேன், ஒரு சொல் விடாமல். "மாட்டேன்னா சார், இந்த ரெண்டு பாட்டும் முடியற வரைக்கும் பெஞ்சுல உக்காரணும். ஊரே பார்க்கும்."

ரூஃபஸ் சாக்ஸபோனை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார்.

முதல் பாட்டு மெதுவான ஃபாக்ஸ்டிராட். அவ்வளவு பெரிய உடம்பு பஞ்சு மாதிரி மிதந்தது. பெஞ்சிலிருந்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மூன்று நிமிஷம். முடித்தேன். ரூஃபஸ் அங்கேயே நின்று, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்தார். இரண்டாவது பாட்டுக்காக.

"ஹம்போ" என்றேன்.

ஃபோல்கே என்னைப் பார்த்தான். "டேய், பாவம்டா அவரு."

"ஹம்போ. விதிப்படிதானே?"

'ஷுப்' என்றான்.

ஹம்போ என்றால் மூன்று அடித் தாளத்தில் ஜோடியாகப் பம்பரம் மாதிரி சுழல்வது. பழக்கமில்லாதவனுக்கு முதல் நிமிஷத்தில் வானம் கீழே வரும். ஸ்வியா அவரை இழுத்து அணைத்துக்கொண்டு கிளம்பினாள். தபால் மூட்டை தூக்கிய கைகள். ரூஃபஸின் கோட்டு வால் பறந்தது. ஒரு சுற்றில் அவர் முகம் தெரிந்தது, சிரிப்பு. அடுத்த சுற்றில் சிரிப்பு இல்லை. அதற்கடுத்த சுற்றில் அவர் கண்கள் என்னைத் தேடின. ஒவ்வொரு முறை எங்கள் பக்கம் திரும்பும்போதும் என் கையைப் பார்த்தார். சிம்பலைப் பிடிக்கப் போகிறேனா, இல்லையா?

ஒரு நொடி கூட்டவில்லை, ஒரு நொடி குறைக்கவும் இல்லை. மூன்றாவது நிமிஷம் முடிந்ததும் டாம், டாம், பாஸ், சிம்பல்.

ரூஃபஸ் தள்ளாடி நின்றார். குனிந்தார், நன்றி சொன்னார். ஸ்வியாவின் முழங்கையைப் பிடித்து அவள் பெஞ்சில் கொண்டுபோய் விட்டார். யார் யாரைக் கொண்டுபோய் விட்டார்கள் என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. பிறகு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து எங்கள் மேடைக்கு ஏறி வந்தார். வேர்வை கொட்டியது.

"அது எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம் சார்."

"பொய் சொல்லாத."

"ஃபோல்கேகிட்ட கேளுங்க."

"அவன்கிட்ட கேட்டா மூச்சுதான் வாங்குவான். எனக்கே இப்ப அது பத்தல." சாக்ஸபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தார்.  பிறகு டிரம்ஸ் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "தம்பி, கடைசியில நாலு அடி அடிச்சியே. உலகத்துல அவ்வளவு இனிமையான சத்தத்த நான் கேட்டதே இல்ல."

நான் பிரஷ்ஷால் ஸ்நேரைத் துடைப்பது போலப் பாசாங்கு செய்தேன்.

"கீழ நிக்கும்போதுதான் தெரியுது. மேல இருக்கறவன் எனக்காக எண்ணிக்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சா தைரியமா சுத்தலாம்." மேடை ஓரத்தில் நின்ற டோர்ன்வாலைக் கையைச் சொடுக்கிக் கூப்பிட்டார். "அந்தத் தந்திய அடிக்காத."

"சார், ஆனா ஊவே முதல் எடம். ஜனங்க ஓட்டுப் போட்டு..."

"அவங்க ஓட்டுப் போட்டது காதால. நான் முட்டியால போடறேன்."

இரண்டு வாரம் கழித்து ஸ்டாக்ஹோம் கச்சேரி மண்டபம். மாலை ஏழு மணி, ஒரு இருக்கைகூடக் காலியில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் என் சிம்பலுக்கு மேலேயே ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஊவே ஸ்டோல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கண் என் கையை விட்டு நகரவில்லை.

முதல் பாட்டு, அதே குதிரை ஓட்டம். ரூஃபஸ் எடுத்த எடுப்பிலேயே பற்றிக்கொண்டார். மூன்றாவது நிமிஷம் நெருங்கியது. அவர் லேசாகத் திரும்பி என் கையைப் பார்த்தார். நான் அடித்துக்கொண்டே போனேன். ஐந்தாவது நிமிஷம் மறுபடி பார்த்தார். முடிக்கலாமா என்ற கேள்வி புருவத்தில் இருந்தது.

நான் அரங்கத்தை ஒருமுறை பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் பேர். அத்தனை பேரும் சாய்மானம் வைத்த நாற்காலியில் நன்றாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் கையிலும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. யாருக்கும் முட்டி வலிக்கவில்லை.

"போங்க சார்" என்று கத்தினேன். "உக்காந்துதான் இருக்காங்க!"

ரெக்கார்டில் அது தெளிவாகக் கேட்கும். யார் உட்கார்ந்திருந்தார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதிக் கேட்கிறார்கள்.

பதினேழு நிமிஷம் போனோம். பிறகு முடித்தேன்.